பதினேழாம் கவட்டை

அத்தியாயம் 9

ரோபோ கை கடைசித் துண்டைச் செதுக்கி முடித்து, தலையைத் தூக்கி ஒரு முறை அசைந்து நின்றது. பட்டறை முழுக்க மரத்தூள் வாசனை. தடித்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள். வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வரும். இன்று வரவில்லை.

"முடிஞ்சுது பார்ட்னர்," என்றான் பார்ட்னர்.

கல்லூரியில் ஒரே மேசையில் வரைந்து, ஒரே கூரைக்குக் கீழே இந்தப் பட்டறையைத் தொடங்கியவர்கள் இருவரும். அவள் அவனைப் பார்ட்னர் என்பாள், அவனும் அவளைப் பார்ட்னர் என்பான். வெளியாள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே விளங்காது.

"பதினேழு மட்டும்தான் பாக்கி. லாரிக்காரர் மதியத்துக்குள்ள உங்க அண்ணன் வீட்டு வாசல்ல நிப்பாரு."

"மதியத்துக்குள்ளயா? சாயந்திரம்னுதான பேசினோம்?"

"சாயந்திரம் வந்தா எப்ப ஏத்தி, எப்ப இறக்கறது? நாளைக்குக் காலைல ரோபோ கை சும்மா நிக்கும். என்ன, முகமே சரியில்ல? தூங்கலியா?"

"தூங்கினேன்."

அதுவும் பொய். ஒரு பொய்க்கு இடம் கொடுத்துவிட்டால், தேவையே இல்லாத இடத்திலும் அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சின்னவளின் பொய்கள் நம்மோடு கூடவே வந்தவர்களுக்குப் பழக்கம்தான். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு எட்டு பின்னால் போய்விட்டு வருவோம்.

ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் புதிய காத்திருப்புக் கூடம் கட்டுகிறார்கள். சாலையை அகலப்படுத்த வெட்டிப்போட்ட மரங்களின் கவட்டைகள்தான் அதன் கூரையைத் தாங்கப் போகின்றன. மரம் இரண்டாகப் பிரிகிற அந்த இடத்தை விறகுக்குக்கூட யாரும் விரும்பி எடுப்பதில்லை. கோடாலி லேசில் இறங்காது. இறங்காத அந்த வலுவை அப்படியே தூணாக நிறுத்தினால் என்ன என்பது சின்னவளின் யோசனை.

ஒவ்வொரு கவட்டையையும் ஸ்கேனரால் சுற்றிச் சுற்றிப் பதிவு செய்து, அதன் வளைவும் முண்டும் முடிச்சும் பிசகாமல் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார்கள். எது எங்கே நின்றால் கூரை நிற்கும் என்று மென்பொருள் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துச் சொல்லும். பிறகு ரோபோ கை ஒவ்வொன்றின் முனையையும் பக்கத்துத் துண்டுக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி செதுக்கும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்ற பேச்சே அங்கே கிடையாது.

பதினேழாம் கவட்டை நடுவில் நிற்கப் போவது. பாரமெல்லாம் அதன் தோளில்தான் இறங்குகிறது. அந்தப் பதினேழு மரக்கிடங்கில் இல்லை. அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, வேரும் இலையுமாக, உயிரோடு நின்றுகொண்டிருக்கிறது.

ஸ்கேனர் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள் அவள். புது சைக்கிள் வாங்கியவள் மாதிரி, கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கேன் செய்தாள். அண்ணியின் தையல் மெஷின், நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த அண்ணன், வெளியே நின்ற மரம். பிறகு கிடங்கு மரங்களின் பதிவுகளோடு இவையும் கலந்துவிட்டன. தையல் மெஷினை எடுத்து அப்புறப்படுத்தினாள். அண்ணனைச் சிரித்துக்கொண்டே அப்புறப்படுத்தினாள். மரத்தை மறந்துவிட்டாள்.

மரம் படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று மென்பொருள் கேட்காது. நல்ல கவட்டை என்று அள்ளிக்கொண்டு போய் நடுவில் வைத்துவிட்டது.

விஷயம் அவளுக்குப் பிடிபட்டபோது அக்கம்பக்கத்துத் துண்டுகள் பாதிக்கு மேல் செதுக்கி முடிந்திருந்தன. பதினேழைக் காணோம் என்று பார்ட்னர் கொட்டுகிற மழையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிடங்கு முழுக்கத் தேடினான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அது எங்க அண்ணன் வீட்டுல கிடக்கு, விழுந்த மரம், நான் கொண்டுவரேன்" என்று சொல்லிவைத்தாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போய், படுக்கையறைச் சுவரில் பூச்சு வெடித்திருந்த மயிரிழைக் கோடு ஒன்றைத் தட்டிக் காட்டினாள். "வேர் அஸ்திவாரத்துக்குள்ள போகுது. மரத்த எடுத்துடறது நல்லது" என்றாள். குடும்பத்தில் கட்டடம் படித்தவள் அவள் ஒருத்திதான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இன்றைக்குத்தான் மரத்தை வெட்டுகிறார்கள்.

*

அண்ணன் இரவுப் பேருந்து ஓட்டுகிறவன். ஊர் எழுந்து பல் துலக்குகிற நேரத்தில் வீடு வந்து, ஊர் வேலை முடித்துத் திரும்புகிற நேரத்தில் கிளம்பிப் போவான். நடுவில் உள்ள பகல்தான் அவனுக்கு ராத்திரி.

அதனால் அந்த வீட்டுக்கென்று சில சட்டங்கள். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் எழுந்திருக்கும் வரை குக்கர் அடுப்பில் ஏறாது. போன் நடுங்கும், கத்தாது. பேச வேண்டியதை எல்லாரும் கிசுகிசுவென்று பேசுவார்கள். அந்த வீட்டில் வளர்ந்த மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரம், டீச்சர் கூப்பிட்டு அனுப்பி, குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார். இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அங்கே அவள்தான் பெரிய வாயாடி என்று கேள்வி.

மரத்துக்கு அண்ணன் வைத்த பெயர் கண்டக்டர். படுக்கையறை ஜன்னலை ஒட்டி நின்று, காலை முதல் பிற்பகல் வரை வெயிலை உள்ளே விடாமல் மறித்துக்கொள்வது அதுதான். "கண்டக்டர் விசில் குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் கிளம்பும்" என்பான். வீடு வாங்கும்போதே நின்ற மரம். என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

சின்னவள் போய்ச் சேர்ந்தபோது மரத்தின் மேல் ஒருவர் இடுப்பில் கயிற்றோடு ஏறியிருந்தார். கீழே இன்னொருவர் சங்கிலி ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்து கிடந்தன.

"வா டேப்பு," என்றான்.

சின்ன வயதில் அப்பாவின் அளவு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுப் பூனையின் வாலைக்கூட விடாமல் அளந்தவள் அவள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"நீ தூங்கலியா அண்ணா?"

"இந்த ரம்பத்துல எங்க தூங்கறது? சரி, வழியனுப்பி வெச்சுட்டே படுக்கலாம்னு உக்காந்துட்டேன்."

அண்ணி கையில் டீயோடு வந்தாள். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. குத்துவது தெரியாமல் ஊசி போடுவாள் என்று பேர் வாங்கியவள். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"உள்ள வாயேன், ஒண்ணு காட்டறேன்," என்றாள் கிசுகிசுப்பாக. அண்ணன் எதிரிலேயே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இருந்தாலும் பழக்கம் யாரை விட்டது.

கூடத்துச் சோபாவில் கறுப்புத் துணி மடித்துக் கிடந்தது. கனத்த துணி, இரட்டை மடிப்பு, மேலே வளையம் கோர்க்கத் துளைகள்.

"திரை. நானே தெச்சேன். மரம் போனா வெயில் நேரா கட்டில்லதான் விழும். இது போட்டா ஓரளவுக்கு இருட்டாயிடும்னு கடைக்காரர் சொன்னாரு. சூடு இறங்கத்தான் செய்யும். என்ன பண்றது, வீடு முக்கியமில்லையா?"

சின்னவள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். தையல் இழை இழையாக நேராக ஓடியிருந்தது. அந்த மெஷினைத்தான் அன்றைக்கு அவள் ஸ்கேன் செய்தாள்.

"நீ மட்டும் சொல்லலைன்னா எங்களுக்கு எங்க தெரியப் போகுது," என்றாள் அண்ணி. "வீட்டுல விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கறது எவ்வளவு தைரியம்."

"அண்ணி, ஒரு விஷயம்..."

"சொல்லு."

சின்னவள் துணியை மறுபடி மடித்து வைத்தாள்.

"துணி நல்லா இருக்கு," என்றாள்.

தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. நல்லா இருக்காம் துணி.

*

வெளியே வந்ததும் அண்ணன் அவள் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தான்.

"எங்க வெட்டணும்னு நீயே கோடு போட்டுடு. மரம் உனக்குத்தானே போகுது. அவங்க பாட்டுக்கு எசகுபிசகா வெட்டிடப் போறாங்க."

வெட்டின மரம் வீணாகப் போக வேண்டாம், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றும் அவள் சொல்லி வைத்திருந்தாள். அப்போது அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

டேப்பை இழுத்தாள். கவட்டை பிரிகிற இடத்திலிருந்து கீழே இவ்வளவு, இடது கிளையில் இவ்வளவு, வலது கிளையில் கொஞ்சம் கூடுதலாக இவ்வளவு. ஏணியில் ஏறி மூன்று இடத்திலும் வெள்ளைக் கோடு போட்டாள். அளவெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிற அளவுக்கு மனப்பாடம். இத்தனை நாளும் கண்ணை மூடினாலும் திறந்தாலும் அந்தக் கவட்டைதானே எதிரில் சுழன்றுகொண்டிருக்கிறது.

"எதையும் பாக்காமலே அளவு போடறியே," என்றான் அண்ணன் கீழேயிருந்து.

"பழக்கம்தான்."

"என்ன பண்ணப் போற இத வெச்சு?"

"மேசை... ஒரு மேசைக்குக் கால் பண்ணலாம்னு."

"மேசையா," என்றான். மூன்று வெள்ளைக் கோடுகளையும் அண்ணாந்து பார்த்தான். "சரி."

அவனே எழுந்து வந்து கொடிக்கம்பியை அவிழ்த்தான். துணி காயப்போட அந்த மரத்துக்கும் சுவருக்கும் நடுவே கட்டிய கம்பி. பல வருஷமாக இருந்த கம்பியல்லவா, பட்டைக்குள் பதிந்துபோயிருந்தது. ஒவ்வொரு சுற்றாக நெம்பி எடுத்தான். அந்த இடத்தில் இரண்டு வளையமாக ஆழமான தடம் தெரிந்தது. முடிச்சு இருந்த இடத்தில் ஒரு குழி.

"நான்தான் கட்டினேன் இத. வீட்டுக்கு வந்த முதல் வாரம். மரம் கம்பிய முழுங்கிடும்னு உங்க அண்ணி சொன்னா. முழுங்கல பாரு."

தடத்தின் மேல் விரலை வைத்துச் சுற்றித் தடவினான். பிறகு அவளைப் பார்த்தான். சின்னவள் டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள். தானாகவே சுருளுகிற டேப்பு அது.

ரம்பம் உறுமியது. மேலே இருந்தவர் ஒவ்வொரு கிளையாகக் கயிற்றில் கட்டி இறக்கினார். இலையும் சுள்ளியுமாக வாசல் நிறைந்தது. இத்தனை வருஷமும் ஒரு கரண்டி விழுந்த சத்தம்கூடக் கேட்காத வீட்டில், அந்த நேரத்தில், அப்படி ஒரு இரைச்சல். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேலே இருந்தவர் இறங்கி வந்து தண்ணீர் கேட்டார். சின்னவள் எடுத்துவர உள்ளே போனாள். போகிற வழியில் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

அந்த அறையை அவள் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. வெயில் ஜன்னல் வழியாக நேராக இறங்கிக் கட்டிலின் பாதியை மூடியிருந்தது. தலையணை வெள்ளை வெளேர் என்று கண்ணைக் கூசச் செய்தது. தலையணை ஒன்றுதான் இருந்தது.

"இன்னொரு தலையணை எங்க அண்ணி?"

பின்னால் வந்த அண்ணி கூடத்து மூலையைக் காட்டினாள். அங்கே சுருட்டி வைத்த பாய், மேலே ஒரு தலையணை, போர்வை.

"நான் இப்ப அங்கதான் படுக்கறேன். நீ விரிசலக் காட்டின நாள்ல இருந்து." சிரித்தாள். "உங்க அண்ணன் ராத்திரி ரோட்டுல இருக்காரு. நான் தனியா கிடக்கறேன். சுவர் தலைல விழுந்தா கேக்கறதுக்கு ஆளு வேண்டாமா? அவர்கிட்ட சொல்லல. கிண்டல் பண்ணுவாரு."

சின்னவளுக்குக் காதுக்குள் ரம்பம் சுற்றுகிற மாதிரி இருந்தது. பூச்சு வெடிப்பு அது. கொஞ்சம் சிமெண்டைக் குழைத்துப் பூசினால் போய்விடும் கோடு. அதற்குப் பயந்து இந்த மனுஷி இத்தனை இரவாக, ஒருத்தரிடமும் சொல்லாமல், பாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் கிடந்திருக்கிறாள். மரத்தைப் பற்றித்தான் சின்னவள் குறுகுறுத்துக்கொண்டிருந்தாள். இது அவள் கணக்கிலேயே வரவில்லை.

வெளியே ரம்பத்தின் சத்தம் மாறியது. கிளையை வெட்டுகிற கீச்சுக்குரல் போய், அடித்தண்டில் இறங்குகிற கனத்த உறுமல். தண்ணீர்ச் சொம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

"நிறுத்துங்க."

அந்த வீட்டில் பகல் வேளையில் யாரும் கத்தியதில்லை. ரம்பக்காரர் பயந்துபோய்க் கையை எடுத்தார். சாக்பீஸ் கோட்டின் மேல், பட்டையைத் தாண்டி ஒரு விரற்கடை ஆழத்துக்கு வெட்டு விழுந்திருந்தது.

"என்னம்மா, கோடு தப்பா?"

"கோடு சரிதான். நான்தான் தப்பு."

ரம்பக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் மட்டும் தொட்டியின் விளிம்பிலிருந்து எழுந்திருக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேர் எங்கயும் போகலண்ணா. சுவருக்கு ஒண்ணும் இல்ல. வெறும் பூச்சு வெடிப்பு. எனக்கு இந்த மரம் வேணும். பஸ் ஸ்டாண்டு கூடத்துக்கு நடுவுல நிக்கப் போறது இதுதான். தெரியாம பதிவுல கலந்துடுச்சு. மத்ததெல்லாம் இதுக்குன்னு செதுக்கியாச்சு. உன்கிட்ட கேக்க பயந்துக்கிட்டு, பொய் சொல்லிட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை.

அண்ணன் கையிலிருந்த கம்பியைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தான்.

"பஸ் ஸ்டாண்டுல வேலை நடக்கற இடத்தைச் சுத்தித் தகரம் அடிச்சிருக்காங்க இல்ல. அதுல நீ வரைஞ்ச படத்தைப் பெருசா ஒட்டியிருக்காங்க. உள்ள எப்படி இருக்கும்னு."

"ஆமா."

"என் வண்டி அது முன்னாடிதான் நிக்குது. நடுவுல நிக்கற மரம் நெஜ மரம் அளவுக்கு இருக்கு. அதுல இந்தக் கம்பித் தடம் இருக்கு. ரெண்டு சுத்து. முடிச்சு இருந்த குழி கூட."

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்கேனர் ஒன்றையும் விடாது என்று எத்தனை கூட்டத்தில் பெருமையாகப் பேசியிருக்கிறாள்.

"டிப்போ முழுக்கச் சொன்னேன். என் தங்கச்சி எங்க வீட்டு மரத்தைப் பாத்து வரைஞ்சிருக்கான்னு. வரமாட்டேன்ன மெக்கானிக்கை இழுத்துட்டுப் போய்த் தடத்தைக் காட்டினேன். எங்க ஞாபகமா வெச்சிருக்கா போலன்னு..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கப்புறம்தான் நீ வந்து சுவரைத் தட்டின."

"அப்பவே கேட்டிருக்கலாமேண்ணா."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். இன்னைக்குக் காலைல வரைக்கும் பாத்தேன். அதான் சாக்பீஸைக் குடுத்தேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

"நான் கேட்டிருந்தா நீ..."

"குடுத்திருப்பேனான்னு கேக்கறியா? தெரியல டேப்பு. எனக்குத் தூக்கம் வேணும். என்னை நம்பிப் பின்னாடி அத்தனை பேர் தூங்கிக்கிட்டு வராங்க. முடியாதுன்னுகூடச் சொல்லியிருப்பேன். அதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு இடம் குடுத்திருக்கலாம் நீ."

"இப்ப என்னண்ணா பண்றது?"

"இப்ப எனக்கு ஒண்ணும் ஓடல. சாயந்திரம் வண்டி எடுக்கணும். தூங்கி எழுந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

எழுந்து உள்ளே போனான். போகிற போக்கில் மரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான், தினமும் செய்கிற மாதிரி.

*

அண்ணன் படுத்ததும் வீட்டின் சட்டம் அமலுக்கு வந்தது. மரம் வெட்ட வந்தவர்கள் இருவரும் சுவர் ஓரமாக உட்கார்ந்து, சைகையிலேயே டீ கேட்டார்கள்.

அண்ணி ஸ்டூலைப் போட்டு ஜன்னலில் திரை மாட்டினாள். சின்னவள் ஒரு முனையைப் பிடிக்கப் போனாள்.

"நீ விடு," என்றாள் அண்ணி. கிசுகிசுப்புத்தான். ஆனால் சின்னவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

மாட்டி முடித்து, கதவைச் சாத்திவிட்டு, அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள் அண்ணி. அந்த வீட்டில் சண்டை போட அதுதான் இடம். படுக்கையறைக்கு ரொம்ப தூரம்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. அவர் என்கிட்ட சொல்லல, நீயும் சொல்லல. நான் ஒருத்திதான் இந்த வீட்டுல சுவரைப் பாத்துப் பாத்துப் பயந்துக்கிட்டு கிடந்திருக்கேன்."

"அண்ணி, மன்னிச்சுடுங்க."

"ராத்திரி எழுந்து டார்ச் அடிச்சுப் பாப்பேன், கோடு நீண்டிருக்கான்னு. பென்சில்ல அடையாளம் வெச்சேன். தெரியுமா உனக்கு?"

குரல் ஒரு துளி உயரவில்லை. கத்தியிருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். இது ஊசி. ஆனால் குத்துவது நன்றாகவே தெரிந்தது.

"வீட்டுல விவரம் தெரிஞ்ச ஆளு இருக்கறது தைரியம்னு சொன்னேன் பாரு காலைல. அதை நினைச்சாத்தான் எனக்குக் கூச்சமா இருக்கு."

சின்னவளின் போன் உள்ளங்கையில் நடுங்கியது. பார்ட்னர். எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், "சொல்லு," என்றாள் கிசுகிசுப்பாக.

"லாரி கிளம்பி ரொம்ப நேரமாச்சு," என்றான். "ஏன் இப்படிப் பேசற, காத்தா வருது?"

"பார்ட்னர், பதினேழு விழுந்த மரம் இல்ல. நிக்கற மரம். அண்ணன்கிட்ட பொய் சொல்லி வெட்ட வெச்சேன். இப்ப நிறுத்திட்டேன்."

அந்தப் பக்கம் பட்டறையின் மின்விசிறியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?"

"நீ மழைல தேடின அன்னைக்கே தெரியும்."

"எனக்கு அதுக்கப்புறம் காய்ச்சல் வந்துச்சு. ஞாபகம் இருக்கா? மாத்திரை வாங்கிட்டு வந்து குடுத்தியே," என்றான். போனை வைத்துவிட்டான்.

அவன் திட்டுகிற ஆளும் இல்லை. அதுதான் கஷ்டம். அவள் திரும்பக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை.

வாசலுக்கு வந்தாள். கிளைகளெல்லாம் போய், இரண்டு கையை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது மரம். கம்ப்யூட்டர் திரையில் அவள் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த அதே உருவம். இப்படித்தான் கூடத்தின் நடுவில் நிற்கும் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தாள். வெட்டு விழுந்த இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. தழைக்குமா, பட்டுப்போகுமா என்று ரம்பக்காரரிடம் கேட்க வாயெடுத்தாள். என்ன பதில் வந்தால் தனக்கு நல்லது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

தெருமுனையில் லாரி திரும்பியது.

நீளமான பெரிய லாரி. தெருவில் குறுக்கே நின்ற ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்து அது வேகம் குறைந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பது சின்னவளுக்கு அடித்துச் சொன்ன மாதிரி தெரிந்தது.

செருப்பைத் தேடவில்லை. ஓடினாள். சுடுகிற தார் ரோட்டில், தலை கலைய, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஓடினாள். டிரைவர் ஹாரனுக்குக் கொண்டுபோன கையை எடுத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஹாரன் அடிக்காதீங்க." மூச்சு வாங்கியது. "எங்க அண்ணன் தூங்கறாரு."

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பகல் தூக்கத்தின் அருமை அவருக்குத் தெரியும் போல. ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போய் ஸ்கூட்டரைத் தானே நகர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"சரி. மரம் எங்க? ஏத்தணுமா, திரும்பிப் போகணுமா?"

"தெரியாது."

"தெரியாதா? உங்க ஆபீஸ்லதான அனுப்பினாங்க?"

"அவர் எழுந்துதான் சொல்லணும். என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் எஞ்சினை அணைச்சுடுங்க."

அவர் அணைத்தார். தெரு சட்டென்று ஓய்ந்துபோனது.

திரும்பி நடந்துவந்து, வெட்டிப்போட்ட கிளைகளுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள் சின்னவள். உள்ளங்கால் எரிந்தது. தலைக்கு மேலே வெயில் தடுப்பார் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ரம்பம் இல்லை, லாரி இல்லை, பேச்சு மூச்சு இல்லை. அந்த வீட்டில் இதைவிட அமைதியான ஒரு பகல் இருந்திருக்காது.

கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு முறை.

அண்ணன் இன்னும் தூங்கவில்லை.